உப்புக் காற்றும் ஒரு கேரவனும்!

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

ஷூட்டிங் ஸ்பாட். ஏ.ஸி. உறுமும் ஒரு நீள வண்டி. கதவு எப்போது திறக்கும் என்று வெயிலில் காத்திருக்கும் நூறு ரசிகர்கள். கதவு திறக்கிறது. உள்ளிருந்து இறங்குவது... மேக்கப்மேன்!

அந்த ரகத்து வண்டி ஒன்றை, சினிமா சான்ஸ் எல்லாம் போய் ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒன்றை, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். சிரிக்காதீர்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். இன்னொருவன் பேங்க் கிளார்க். மூன்றாமவன் சிதம்பரத்தில் டிராவல்ஸ் நடத்துகிறான். மூன்று பேரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம்., ஒரே பெஞ்ச். என் பங்குக்கு ஏலச்சீட்டை எடுத்தேன். பேங்க் நண்பன் மனைவியின் வளையலை அடகு வைத்தான். (தன் பேங்க்கிலேயே! ஸ்டாஃப் என்பதால் டீ கொடுத்தார்களாம். வட்டியில் சலுகை இல்லையாம்.)

வாங்கியதற்குக் காரணம் என் அப்பா. எழுபத்தி நாலு வயசு. முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. போதாததற்கு அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர்தான். அவருக்கு அது காசி. "மார்கழித் தேரை இன்னொரு தடவை பார்த்துடணும்டா" என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். படுக்கையும் பாத்ரூமும் உள்ள வண்டி என்றால் கேரவன்தானே?

வெளிநாட்டில் இந்த வேடிக்கையை ஆரம்பித்தவரும் நம்மைப் போல ஒரு எழுத்தாளர்தான். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 1885-ல் 'வாண்டரர்' என்று பெயர் வைத்து ஒரு வண்டி கட்டிக்கொண்டார். இழுக்க இரண்டு குதிரை. வெளிப் பலகை எல்லாம் மஹாகனியும் மேப்பிளும். அதில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை ஊர் சுற்றினார்.

"இதுல என்னடா அதிசயம்? எங்க தாத்தா கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, அடுப்போட சிதம்பரம் போனாரே?" என்றார் அப்பா. நியாயம்தான். தாத்தாவுக்குப் புத்தகம் எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் அபிஷேகம்

வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது முகம் செத்திருந்தது. வெள்ளை வண்டி, ஆனால் வெள்ளை இல்லை. கையால் தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைத்த ஞாபகம் வந்தது.

கடைக்குப் போனேன். "இந்த ரப்பிங் காம்பவுண்டைப் போட்டுத் தேயுங்க சார், புது வண்டி ஆயிடும். வாராவாரம் போட்டா இன்னும் நல்லது" என்றார் கடைக்காரர். அவர் விற்கிறவர், அவர் வேலையைச் சரியாகச் செய்தார்.

தேய்த்தேன். ஆச்சரியம்! மாவு போனது. உள்ளே இருந்து பளீரென்று ஒரு வெள்ளை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார். எதிர்வீட்டுப் பையன் தலை சீவினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே அபிஷேகம். வீட்டுக்காரி, "என்னை ஒரு தடவை இப்படி உத்துப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. இன்னும் நாலு சதுர அடி பாக்கி இருந்தது.

பி.காம். படித்தபோது காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். 'நம் வண்டிக்கு ஏது தேய்மானம்? வருஷா வருஷம் புதுசாகத்தானே ஆகிறது!' என்று ஒரு கர்வம்.

தேய்மானத்தைத் தேய்த்துத் தேய்த்து நானேதான் உண்டாக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியாது.

அப்பா சாய்ந்தார்... சுவர் உள்ளே போனது!

மார்கழி வந்தது. தேருக்கு முதல் நாள் மதியம் கிளம்பினோம். அப்பாவுக்கு மெத்தை, தலையணை, ஃபிளாஸ்கில் காபி. ராஜா மாதிரி வந்தார். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு வேகத்தடை. அப்பா கையை ஊன்றிச் சுவரில் சாய்ந்தார்.

கை உள்ளே போனது.

டீயில் நனைத்த பன் மாதிரி சுவர் அமுங்கியது. ஒட்டியிருந்த சன்மைக்கா பிய்ந்து, உள்ளே இருந்த பிளைவுட் கறுப்பாகத் தூள் தூளாகக் கொட்டியது. ஒரு ஈர நாற்றம். அப்பா தடுமாறினார்; நல்ல வேளையாகப் பேங்க் நண்பன் தோளைப் பிடித்துவிட்டான். அந்தக் காலோடு அவர் விழுந்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

இறங்கி வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே இடம், வெளிப்பக்கம். கண்ணாடி மாதிரி பளபளவென்று மின்னியது! அதில் என் முகம் தெரிந்தது. அசடு வழிந்துகொண்டிருந்தது.

அப்பா மறுநாள் கீழ வீதியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து தேரைப் பார்த்தார். கை கூப்பினார், கண் கலங்கினார். நானும் பார்த்தேன். ஆனால் என் மனசு முழுக்க அந்தச் சுவரில்தான் இருந்தது.

துறைமுகத்து வாத்தியார்

மூன்று டிங்கரிங் பட்டறையில் காட்டினேன். "பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுடலாம்" என்றார்கள் மூன்று பேரும். கடைசியில் கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் ஒரு அண்ணனிடம் அனுப்பினார்கள். அறுபது வயசிருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியதே, அதிலிருந்து இதுதான் அவர் தொழில். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது நொறுங்கிய படகுகளை ராத்திரி பகலாக ஒட்டினவர்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"தம்பி, இத என்னா பண்ண?"

"பாலிஷ் போட்டேண்ணே. வாராவாரம்."

"நீ எங்க பாலிஷ் போட்ட? செரைச்சிருக்க!"

காட்டினார். மூலையில் வெள்ளை தேய்ந்து, உள்ளே இருந்த கண்ணாடி நார் நிழலாகத் தெரிந்தது.

அவர் சொன்ன பாடம் இதுதான். இந்த மாதிரி கேரவனின் வெளிச்சுவர்களில் பாதி, ஃபைபர் படகு எதால் ஆனதோ அதால்தான் ஆனது. கண்ணாடி நாரும் ரெசினும். மேலே தெரியும் வெள்ளை பெயிண்ட் அல்ல; 'ஜெல் கோட்' என்கிற ஒரு தோல். கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தத் தோலின் மேல்பகுதியைச் சிதைக்கிறது. அதுதான் விரலில் ஒட்டிய மாவு. காம்பவுண்ட் என்பது மிக நைசான உப்புத்தாள். செத்த தோலைச் சீவி எடுத்து, அடியில் இருக்கும் புதுத் தோலைக் காட்டும். பளபளக்கும். ஆனால் அந்தப் புதுத் தோலும் வெயிலுக்குத் திறந்தே கிடந்தால் மறுபடி மாவாகும். மறுபடி சீவினால்? எத்தனை நாளைக்குத் தோல் இருக்கும்?

உங்கள் காருக்கும் பைக்குக்கும் கதை இன்னும் மோசம். தகரத்தின் மேல் இருக்கும் மொத்தப் பெயிண்ட் கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதில் பளபளப்புக்குக் காரணமான 'கிளியர் கோட்' ஒரு தலைமுடியை விட மெலிசு.

"பாலிஷ் போடறது சவரம். வாக்ஸ் போடறது எண்ணெய் தேய்ச்சிக்கிறது. நீ எண்ணெயே வைக்காம தினம் சவரம் பண்ணியிருக்க" என்றார் அண்ணன். இத்தனை வருஷப் படிப்பில் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

நடுவில் ஒரு வக்கீல்

"சரிண்ணே, தேய்ச்சது தப்பு. ஆனா தண்ணி எப்படி உள்ள போச்சு?"

கூரை ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டையைக் காட்டினார். முன்பு யாரோ ரிப்பேர் செய்தபோது சாதாரண இரும்பு ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. பிளைவுட் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வெளியே தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஏன் இப்படி? இரும்பும் அலுமினியமும் தனித்தனியாக இருந்தால் ஓரளவு சமர்த்து. இரண்டையும் ஒட்ட வைத்து, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. மின்சாரம் ஓடும், அலுமினியம் கரையும். இரண்டு பங்காளிக்கு நடுவே ஒரு வக்கீல் புகுந்தால் சொத்து கரைவது மாதிரி. இங்கே வக்கீல், உப்பு.

கடலூரில் அந்த வக்கீலுக்குப் பஞ்சமே இல்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், தெரியும். அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் மிதந்து வந்து எல்லாவற்றின் மேலும் உப்பாகப் படிகின்றன. உப்புக்கு ஒரு கெட்ட குணம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாவிட்டாலும் உங்கள் வண்டி ராத்திரி முழுக்க ஈரமாகத்தான் நிற்கிறது.

துருவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரிமானத்தையும் சேர்த்து ஆராய்வதற்காகவே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அவ்வளவு பெரிய விரோதியோடுதான் நாம் ஒரு டப்பா காம்பவுண்டை வைத்துக்கொண்டு மோதுகிறோம்.

அண்ணன் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன்

உங்களுக்குக் கேரவன் இல்லாமல் இருக்கலாம். ஒரு பழைய வேனோ, லோனில் வாங்கிய காரோ, கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த பைக்கோ இருக்கும். எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் அடைப்பு, அப்புறம்தான் அழகு. புரட்டாசி முடிவதற்குள் கூரை ஓரம், ஜன்னல் ரப்பர், லைட்டைச் சுற்றி, ஸ்க்ரூ தலை எல்லாவற்றையும் பாருங்கள். ஆடும் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். அப்போதும் நடுவில் நைலான் வாஷரும் சீலன்ட்டும் வேண்டும். வினிகர் வாசனை அடிக்கும் மலிவு சிலிக்கான் வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும்.

2. பலாப்பழப் பரிசோதனை. பண்ருட்டிச் சந்தையில் பலாவைத் தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி கேரவன் சுவரை விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் மாறி, 'தொப்' என்று கேட்டால் உள்ளே பழுத்துவிட்டது என்று அர்த்தம். பலாவுக்கு நல்லது. சுவருக்கு ஆபத்து.

3. கழுவுவதுதான் மருந்து. வாரம் ஒரு முறை, மேலிருந்து கீழாக, நல்ல தண்ணீரில். வண்டியின் அடிப்பாகத்தையும் மறக்காதீர்கள். உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணி அலச. மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் அதுவும் சவரம்தான். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் தேங்காய் நாரும் பாத்திரத்துக்கு மட்டும்.

4. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரில் வண்டி கழுவாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து நான் செய்த காரியம் இது. மெஷின் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உப்பைப் போக்க உப்பை ஊற்றியிருக்கிறேன்! உப்பு போர்வெல் தண்ணீரும் அப்படியே. வேறு வழியில்லை என்றால் கடைசியில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றி, காயும் முன் துடைத்துவிடுங்கள்.

5. சவரம் அபூர்வமாக. விரலில் மாவு ஒட்டினால் மட்டும் காம்பவுண்ட். நிழலில், பேனல் கைக்குச் சூடில்லாமல் இருக்கும்போது. இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, மூலையையும் விளிம்பையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு. தோல் முதலில் கிழிவது அங்கேதான். எப்போதும் இருப்பதிலேயே நைசானதில் ஆரம்பியுங்கள். அது போதாவிட்டால்தான் அடுத்தது.

6. எண்ணெய் தவறாமல். சவரம் செய்த அன்றே வாக்ஸ். நம் வெயிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி. தண்ணீர் ஊற்றினால் தாமரை இலை மாதிரி முத்து முத்தாக நிற்க வேண்டும். படர்ந்து ஓடினால் வாக்ஸ் காலி. செராமிக் கோட்டிங் இன்னும் அதிக நாள் வரும். ஆனால் அது கவசம் அல்ல. கல் பட்டால் அதுவும் பெயரும். செத்த தோலின் மேல் அதைப் பூசுவதும் வீண்.

7. கேரவன் ஜன்னல்கள் பல கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். பெட்ரோல், தின்னர் பட்டால் வலைவலையாக விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

8. தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் அடைபடும். காற்றில் படபடத்துப் புழுதியோடு சேர்ந்து தேய்க்கும். மேலே கூரை, பக்கத்தில் காற்று. தேருக்கே கொட்டகை போட்டு வைக்கிறோம், வண்டிக்குக் கூடாதா?

9. பக்தி வேண்டும், பளபளப்பும் வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், மஞ்சள், குங்குமத்தை மறுநாளே ஊற வைத்துத் துடையுங்கள். சுரண்ட வேண்டாம். காக்கை எச்சத்துக்கும் இதே மரியாதை, ஆனால் அன்றைக்கே.

"இவ்வளவு செய்யணுமாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா காலத்துல மரப் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவாங்க. பண்ருட்டி பக்கத்துலேருந்து வரும். கை பட்டா பொத்துப்போயிடும். அதுக்குப் பயந்து ஒருத்தர் தடவாம விட்டாரு. அடுத்த வருசம் படகே இல்ல" என்றார்.

சிதம்பர ரகசியம்

சுவரைப் பிரித்து, அழுகின பிளைவுட்டை எடுத்து, உள்ளே காய வைத்து, புதுசு போட்டு, வெளியே கண்ணாடி நார் ஒட்டி, ஜெல் கோட் பூச அண்ணனுக்கு இருபது நாள் ஆனது. பில்? பாலிஷுக்குச் செலவு செய்ததைப் போலப் பத்து மடங்கு. பேங்க் நண்பனின் மனைவிக்கு வளையல் திரும்ப இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. இப்போதும் அந்த வீட்டில் எனக்குக் காபி இல்லை. தண்ணீர் உண்டு.

அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். வண்டியை எங்கே நிறுத்துவது? கடலிலிருந்து முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் உப்பு வெகுவாகப் படிகிறது. உள்ளே போகப் போகச் சட்டென்று குறைந்துவிடுகிறது. என் வீட்டிலிருந்து பீச் கூப்பிடு தூரம். சிதம்பரம் கடலை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது. டிராவல்ஸ் நண்பனிடம் ஷெட்டும் இருக்கிறது. எனக்குத்தான் வாசலில் வண்டி இல்லாமல் கௌரவக் குறைச்சல். ஆனாலும் சம்மதித்தேன். கௌரவத்துக்குக் கொடுக்கும் வாடகை அதிகம் என்று தெரிந்துவிட்டதே!

வண்டியை அங்கே விடப் போனபோது அப்பாவும் வந்தார். இந்தத் தடவை சுவரில் சாயவில்லை. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்குள் வீல் சேரில் அழைத்துப் போனேன். சிற்சபையின் பொற்கூரையை அண்ணாந்து பார்த்தார். பராந்தகச் சோழன் பொன் வேய்ந்தது என்பார்கள். 21,600 ஓடுகள், ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்பது ஐதீகம்.

"அப்பா, தங்கம் காற்றோடயும் தண்ணியோடயும் சேராது. அதனாலதான் துருவே பிடிக்கிறதில்லை. பாலிஷும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம்" என்று என் புது ஞானத்தைக் காட்டினேன்.

அப்பா சிரித்தார். "தங்கத்துக்கு வேண்டாம்டா. அதுக்குக் கீழே இருக்கிறது மரம்தானே? ஓட்டுக்கு ஓடு இடுக்குல தண்ணி எறங்குதான்னு யாராவது ஏறிப் பார்த்துண்டேதான் இருக்கணும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"உன் வண்டிக்கும் அதேதான். என் முழங்காலுக்கும் அதேதான். சரி, பாத்ரூம் எங்க இருக்கு? வண்டிக்குப் போலாம் வா."